நாற்பது வயதில் கேட்க வேண்டிய துஆ



மனிதனின் வயதை எண்ணிட்டுச் சொல்லி, அந்த வயதில் அவன் கேட்க வேண்டிய துஆவையும் அருள்மறை குர்ஆன் கற்றுத் தரும் இடம் ஒன்று உண்டு. அஹ்காஃப் எனும் 46வது அத்தியாயத்தின் 15வது ஆயத்தே அது.

தாய் தந்தையருக்கு உபகாரம் செய்யும்படி மனிதனுக்கு உபதேசித்திருப்பதாக அல்லாஹுத்தஆலா அதில் கூறுகிறான். அவனுடைய தாய் அவனைச் சிரமத்துடன் சுமந்து, சிரமத்துடனேயே பெற்றெடுத்ததை நினைவூட்டுகிறான். அவனைச் சுமந்ததும் பால்குடி மறக்கச் செய்ததும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்று கணக்கும் சொல்கிறான். பிறகு அவன் வளர்ந்து, முழு வலிமை பெற்று, நாற்பது ஆண்டுகளை எட்டும்போது தன் ரப்பிடம் கையேந்துவதாகக் கூறுகிறான்.

அந்த துஆவில் மூன்று வேண்டுதல்களும் இரண்டு உறுதிமொழிகளும் இருக்கின்றன. தனக்கும் தன் பெற்றோருக்கும் அளிக்கப்பட்ட நிஃமத்துகளுக்கு நன்றி செலுத்தும் பாக்கியம், அல்லாஹ் பொருந்திக் கொள்ளும் ஸாலிஹான அமல், தன் சந்ததியின் சீர்திருத்தம் ஆகியவை வேண்டுதல்கள். நான் உன் பக்கம் தௌபா செய்து மீண்டுவிட்டேன், நான் முஸ்லிம்களில் ஒருவன் என்பவை உறுதிமொழிகள்.

தாயின் வயிற்றில் தொடங்கும் ஆயத்து, பிள்ளைகளின் சீரைக் கேட்டு முடிவதைக் கவனியுங்கள். மேலே முதுமை அடைந்த பெற்றோர், கீழே வளர்ந்து வரும் பிள்ளைகள், இருவருக்கும் நடுவே நிற்பவன் நாற்பது வயதுக்காரன். இரு பக்கமும் அவனுக்குக் கடமை இருக்கிறது. அவனுடைய சொந்தக் கணக்கும் இருக்கிறது.

பிறைக் கணக்கில் நாற்பது ஆண்டு என்பது ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ 38 ஆண்டு 10 மாதம்தான். எனவே, "நமக்கு இன்னும் நாற்பது ஆகவில்லையே" என்றிருப்பவர்களில் சிலர், அந்த எல்லையை அறியாமலேயே கடந்திருப்பார்கள். நாமும் அதை நெருங்கிக் கொண்டிருப்பவர்களே. ஆகவே இது பிறருக்குச் செய்யும் உபதேசம் மட்டுமல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாற்பதைக் கடந்தும் நன்மை மிகாதவன் நரகத்திற்கே தயாராகட்டும் என்ற கருத்தில் ஒரு செய்தி மேடைகளில் சொல்லப்படுகிறது. அது ஆதாரப்பூர்வமான ஹதீஸ் அல்ல. குர்ஆன் இந்த வயதைக் காட்டி அச்சுறுத்தவில்லை. கையேந்தக் கற்றுத் தருகிறது.

கேட்கப்படாத ஒன்று

இந்த துஆவில் எது கேட்கப்படவில்லை என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். செல்வம் கேட்கப்படவில்லை. வீடு கேட்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு உத்தியோகமும் சொத்தும் கேட்கப்படவில்லை. அவர்களுடைய ஸலாஹ், அதாவது அவர்கள் சீராக இருப்பதே கேட்கப்படுகிறது. அதிலும் "எனக்காக" என்ற பொருள் தரும் "லீ" என்ற சொல் அங்கே வருகிறது. பிள்ளை சீரானால் அதன் பலன் தந்தைக்கும் தாய்க்கும் திரும்பி வரும். மனிதன் மவுத்தானபின் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன, நிலைத்த தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது.

அப்படியானால் பொருள் தேடுவது தவறா? இல்லவே இல்லை. ஹஜ்ரத் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தபோது, தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பாதியைக் கேட்டதற்கும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் வறியவர்களாக விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவுடன் விட்டுச் செல்வதே மேல் என்றும் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. பிள்ளைகள் கையேந்தாத அளவுக்குத் தேடி வைப்பது மார்க்கத்திற்கு உகந்ததே. ஆனால் அந்த அளவு எது? அதை முடிவு செய்யாமல் ஓடிக் கொண்டேயிருப்பதுதான் இன்று நம் வீடுகளின் நோய்.

சபுராளியின் கணக்கு

நம் தமிழகத்து முஸ்லிம் ஊர்கள் பயணத்திற்குப் பழகியவை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோர்கள் சென்றார்கள். 1973ல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. வெளிநாடு சென்று சம்பாதிப்பவருக்கு நம் மக்கள் வைத்த பெயர் "சபுராளி". அந்தச் சபுராளிகளின் உழைப்பால் பள்ளிவாசல்கள் எழுந்தன, மதரஸாக்கள் நடந்தன, எத்தனையோ குமர்கள் கரையேறின. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் நடப்பது என்ன? இருபத்திரண்டு வயதில் விமானம் ஏறுகிறவர், "தங்கச்சி கல்யாணம் முடிந்ததும் வந்து விடுவேன்" என்கிறார். கல்யாணம் முடிகிறது. "வீட்டைக் கட்டிவிட்டு வருகிறேன்" என்கிறார். வீடும் முடிகிறது. "மாடி எடுத்துவிட்டு" என்கிறார். அதற்குள் மகள் வளர்ந்து விடுகிறாள். "அவளுக்கு நகை சேர்க்க வேண்டுமே" என்கிறார். நாற்பது வந்து, போயும் விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பில் ஊர் வருகிறவர், இருபது ஆண்டுகளில் மனைவி மக்களோடு இருந்தது மொத்தம் இருபது மாதங்கள். ஒரு தாய் ஒரு பிள்ளையைச் சுமந்து பாலூட்டியதாகக் குர்ஆன் சொல்லும் முப்பது மாதத்தைக்கூட, அந்தத் தந்தை தம் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கவில்லை!

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உண்ணுவதையும் பருகுவதையும் உறங்குவதையும் தடுக்கிறது என்றும், எனவே போன காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்றும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. "போன காரியம் முடிந்ததும்" என்பதை ஊன்றிக் கவனியுங்கள். காரியத்திற்கு ஒரு முடிவு இருந்தால்தானே திரும்ப முடியும்? முடிவே குறிக்காத காரியம் எப்போது முடியும்?

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியையும் பாருங்கள். அவர்களும் அவர்களுடைய வயதையொத்த வாலிபர்களும் மதீனா வந்து நபி (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கி மார்க்கம் கற்றார்கள். அவர்களுக்குக் குடும்ப ஏக்கம் வந்துவிட்டதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களோடு தங்கி, கற்றதைக் கற்றுக் கொடுக்கும்படி அனுப்பி வைத்தார்கள். நபியின் சமூகத்தைவிடச் சிறந்த இடம் உலகில் ஏது? அங்கிருந்தும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்றால், வீட்டின் உரிமை எவ்வளவு பெரிது!

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வரும்போது, படைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்புவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் ரிவாயத்துகள் வந்துள்ளன. அதற்கு மேல் படைவீரர்களை நிறுத்தி வைக்க வேண்டாம் என்று கலீஃபா உத்தரவிட்டார்கள். பிரிவு எத்தனை காலம் என்பதில் மனைவிக்கும் உரிமை உண்டு என்பதை இது காட்டுகிறது. அவளைக் கேட்காமல் ஆண்டுகளை நீட்டிக் கொண்டே போவது முறையாகாது.

ஓர் இமாம் எடுத்த முடிவு

நடுவயதில் நின்று தன்னைத்தானே கேட்டுக் கொண்டவர்களில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் போன்ற உதாரணம் அரிது. ஹிஜ்ரி 450ல் தூஸில் பிறந்த அவர்கள், 484ல் பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியரானார்கள். அன்றைய உலகில் ஓர் ஆலிமுக்கு அதைவிட உயர்ந்த பதவி அரிது. ஆனால் 488ல், முப்பத்தெட்டாவது வயதில், தம் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பாடம் நடத்துவதில் அல்லாஹ்வின் பொருத்தத்தைவிடப் பெயரும் புகழுமே தம்மைத் தூண்டுவதாகக் கண்டார்கள். ஏறத்தாழ ஆறு மாதங்கள் போவதா இருப்பதா என்று தவித்தார்கள். பாடம் சொல்ல நாவு எழவில்லை, உணவு இறங்கவில்லை. இது மனத்தில் ஏற்பட்ட நோய் என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். இறுதியில் பதவியைத் துறந்து புறப்பட்டார்கள். இவற்றையெல்லாம் "அல்முன்கிது மினள் ளலால்" என்ற நூலில் அவர்களே எழுதி வைத்துள்ளார்கள்.

இதிலிருந்து, எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நாடு சுற்ற வேண்டும் என்று பாடம் எடுக்கக் கூடாது. நாம் எடுக்க வேண்டிய பாடங்கள் வேறு. முதலாவது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறப்பாகத் தோன்றும் வாழ்க்கையையும் அவர்கள் நிய்யத் எனும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது, செல்வத்தைப் பகிர்ந்து கொடுத்தபோதும் பிள்ளைகளின் ஜீவனத்திற்குத் தேவையானதை ஒதுக்கி வைத்தார்கள். மூன்றாவது, ஷாம், பைத்துல் முகத்தஸ், ஹரமைன் என்று தங்கியிருந்த அவர்களை மீண்டும் ஊருக்கு இழுத்து வந்தவற்றில் பிள்ளைகளின் அழைப்பும் ஒன்று. தனிமையை நாடிச் சென்ற ஞானியும் பிள்ளைகளின் அழைப்புக்குச் செவிசாய்த்தார்கள். இஹ்யா உலூமித்தீனில், குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்றும், அதன் உள்ளம் எதுவும் செதுக்கப்படாத தூய மாணிக்கம் என்றும் விளக்கியதும் இந்த இமாமே.

பிள்ளைகளுக்கு வேண்டியது எது?

யஃகூப் (அலை) அவர்களுக்கு மவுத்து நெருங்கியபோது பிள்ளைகளை அழைத்துக் கேட்ட கேள்வியை அல்பகரா அத்தியாயத்தின் 133வது ஆயத்து சொல்கிறது. எனக்குப் பின் எதை வணங்குவீர்கள் என்பதே அந்தக் கேள்வி. எனக்குப் பின் எதை உண்பீர்கள் என்று கேட்கவில்லை.

லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசம் 31வது அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்கிறது. தவ்ஹீதில் தொடங்கி, கடுகளவு செயலும் அல்லாஹ்வுக்குத் தெரியும் என்ற உணர்வை ஊட்டி, தொழுகைக்கு வந்து, நடக்கும் நடை, பேசும் குரல் வரைக்கும் போகிறது. அதில் மும்முறை "என் அருமை மகனே" என்ற பொருள்படும் அன்பு விளி வருகிறது. அன்பும் இல்லாமல், அருகிலும் இல்லாமல் வெறும் கட்டளையாக இது நடக்கக் கூடியதா?

இப்ராஹீம் (அலை) அவர்கள் மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கண்ட கனவு நபியின் கனவு, வஹீயைச் சேர்ந்தது. அப்படியிருந்தும் மகனிடம் சொல்லி, உன் கருத்து என்னவென்று கேட்டார்கள் (37:102). நாமோ மகனின் படிப்பையும் மகளின் நிகாஹையும் அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்கிறோம்!

அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரலி) அவர்கள், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றபோது, இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கம் காட்டப்படமாட்டாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவருக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்திலிருந்து உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தது ஒன்றாக அமர்ந்து சாப்பிடும் தட்டில்தான். பிள்ளையோடு ஒரே சஹனில் கை வைக்காத தந்தை இந்த ஸுன்னத்தை எங்கே கற்றுக் கொடுப்பார்?

நாம் செய்ய வேண்டியவை

ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் சகோதரர்கள் கேட்பது, "என்னதான் செய்வது ஹஜ்ரத்?" என்பதே. குர்ஆன், ஹதீஸ் வெளிச்சத்தில் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம்.

1. கணவனும் மனைவியும் அமர்ந்து மஷ்வரா செய்து, "இவ்வளவு போதும்" என்று ஒரு தொகையையும் ஒரு தேதியையும் குறித்துக் கொள்ளுங்கள். கடன் எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு, ஊரில் ஒரு சிறு தொழிலுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். எழுதப்படாத தேவை வளர்ந்து கொண்டேயிருக்கும்.

2. நிகாஹை எளிமையாக்குங்கள். மஹர் கொடுப்பது ஆணின் கடமை என்று குர்ஆன் (4:4) சொல்லியிருக்க, கைக்கூலியும் சீர்வரிசையும் பெண்ணைப் பெற்றவர்மீது ஏற்றப்படுகின்றன. மகனைப் பெற்றவர்களே! நீங்கள் வாங்கும் கைக்கூலி, இன்னொரு வாப்பா பாலைவனத்தில் கழித்த வருடங்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் மகனுக்கு வாங்காமல் இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தந்தையைத் திருப்பிக் கொடுத்தவர்களாவீர்கள்.

3. கடமைகளின் பாக்கியைத் தீர்க்கத் தொடங்குங்கள். களாவான தொழுகைகள், கொடுக்காத ஜகாத், மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி ஆகியவற்றைக் கணக்கெடுங்கள். விசாவுக்காக மனைவியிடம் கடனாக வாங்கி விற்ற நகையும் கடன்தான். ஒஸிய்யத்தை எழுதி வையுங்கள். வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒன்றுக்குள் எழுதலாம். உயிரோடிருக்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் சமமாகக் கொடுங்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த தந்தையை, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு, அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்தார்கள்.

4. கடனாலோ வேறு நிர்ப்பந்தத்தாலோ உடனே திரும்ப முடியாதவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் தொலைபேசியைக் கணக்குக் கேட்கும் கருவியாக மட்டும் ஆக்கிவிட வேண்டாம். "பணம் வந்ததா? மார்க் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "ஸுபுஹ் தொழுதாயா? எந்த சூரா ஓதினாய்? யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். முகம் பார்த்துப் பேசும் வசதி இன்று கையிலேயே இருக்கிறது. வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுங்கள். குழந்தையைக் கூப்பிட்டு ஏதோ தருவதாகச் சொன்ன ஒரு தாயிடம், ஒன்றும் தராதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள்.

5. திரும்பி வந்த தந்தை, வந்த வாரமே அதிகாரம் செலுத்தத் தொடங்க வேண்டாம். உம்மாவிடமே அனுமதி கேட்டுப் பழகிய பிள்ளைகள், வாப்பாவை விருந்தாளியைப் போலத்தான் முதலில் பார்ப்பார்கள். அவர்கள்மீது கோபிப்பதில் பயனில்லை. பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள், சேர்ந்து உண்ணுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தனியாக நின்று வீட்டைக் காத்த மனைவியின் அதிகாரத்தைப் பிள்ளைகள் முன்னிலையில் குறைக்காதீர்கள். அந்த வருடங்களின் கூலி அவளுக்கும் உண்டு.

6. சகோதரிகளே! முற்காலத்துப் பெண்கள், வெளியே புறப்படும் கணவரிடம், "ஹராமான சம்பாத்தியத்தை விட்டும் எச்சரிக்கையாக இருங்கள், பசியைப் பொறுப்போம், நரக நெருப்பைப் பொறுக்க மாட்டோம்" என்ற கருத்தில் சொல்லி அனுப்புவார்கள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். அடுத்த வீட்டு மாடியையும் நகையையும் அளவுகோலாக்கி, கணவரின் வருடங்களை நீட்டிவிடாதீர்கள். "உள்ளது போதும், நீங்கள் வாருங்கள்" என்று சொல்ல உங்களால்தான் முடியும்.

7. பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களை மறக்க வேண்டாம். போருக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் முயலும்படி நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். நாம் நம் பெற்றோரை நடத்துவதை நம் பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அதே அஹ்காஃப் அத்தியாயத்தின் 17வது ஆயத்தில், பெற்றோரை "சீ" என்று எடுத்தெறிந்து பேசும் பிள்ளையும், அவனுக்காக அல்லாஹ்விடம் மன்றாடும் பெற்றோரும் காட்டப்படுகிறார்கள்.

காலம் கடந்துவிட்டதா?

"பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எல்லாம் கைமீறிவிட்டது" என்று வருந்துபவர்கள் உண்டு. அவர்கள் 15வது ஆயத்தோடு நிறுத்தாமல் அடுத்த ஆயத்தையும் ஓதட்டும். இந்த துஆவைக் கேட்பவர்களின் நல்ல செயல்களை ஏற்று, அவர்களுடைய தவறுகளை மன்னித்துவிடுவதாக அல்லாஹ் அதில் வாக்களிக்கிறான். தவறே செய்யாதவர்களுக்குச் சொன்ன வாக்கல்ல அது. தௌபா செய்து திரும்பியவர்களுக்குச் சொன்னது.

ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நூஹ் (அலை) அவர்களின் மகனே கப்பலில் ஏற மறுத்தான். ஆனால் அந்த நபி கடைசி நேரம் வரை மகனை அழைத்துக் கொண்டேயிருந்தார்கள். அழைப்பது நம் கடமை. உள்ளத்தைத் திருப்புவது அவன் செயல். பிள்ளைக்கு இருபது வயதானாலும் தந்தையின் அழைப்புக்கு மதிப்பு இருக்கிறது, தாயின் துஆவுக்குப் பலன் இருக்கிறது.

இன்றிரவு இஷாவுக்குப் பின் அந்த ஆயத்தைப் பொருளோடு ஒரு முறை ஓதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓதினால் மிக நன்று. அதில் கேட்கப்பட்டிருப்பவையும், நாம் இரவு பகலாக ஓடித் தேடுபவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் நம் ஓட்டத்தைத் திருத்திக் கொள்வோம்.

வல்ல ரஹ்மான், நமக்கும் நம் பெற்றோருக்கும் அவன் செய்த நிஃமத்துகளுக்கு நன்றி செலுத்தும் உள்ளத்தைத் தருவானாக! அவன் பொருந்திக் கொள்ளும் அமல்களில் நம் எஞ்சிய ஹயாத்தைக் கழிக்கச் செய்வானாக! நம் பிள்ளைகளை ஸாலிஹானவர்களாக்கி, தூர தேசங்களில் உழைக்கும் நம் சகோதரர்களை ஈமானோடும் சுகத்தோடும் அவர்களுடைய வீடுகளில் கொண்டு வந்து சேர்ப்பானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.